‘பார்க்கலாம் சார்’ என்றால் ஆமாவா, இல்லையா?

“பார்க்கலாம் சார்.”

தமிழ்நாட்டில் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது காதில் விழும் வார்த்தை இது. இதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்லித் தருவதில்லை. ஆனாலும் எல்லோருக்கும் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, “வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று எழுந்தால், அடுப்படியில் நிற்கும் அம்மாவுக்கு அப்போதே பதில் தெரிந்துவிடுகிறது அல்லவா, அந்த மாதிரிதான். “பார்க்கலாம்” என்றால் பெரும்பாலும் நடக்காது. “பண்ணிடலாம் சார்” என்றால் நடக்கும், ஆனால் இன்றைக்கு இல்லை. “கொஞ்சம் கஷ்டம் சார்” என்றால், இன்னொரு தடவை அழுத்திக் கேட்டால் நடந்துவிடும்.

இந்தக் கடைசி வாக்கியம் ஜப்பானில் அப்படியே தலைகீழ். அங்கே ஒருவர் பல்லிடுக்கில் காற்றை இழுத்து, தலையை லேசாகச் சாய்த்து, ‘முஜுகாஷீ’ என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது. அந்தச் சொல்லுக்கும் ‘கஷ்டம்’ என்றுதான் அர்த்தம். ஆனால், “முடியவே முடியாது” என்று முகத்துக்கு நேரே சொல்லாமல் இருக்க அவர்கள் வைத்திருக்கும் மரியாதையான வழி அது. ‘ஹை’ என்றால் ‘ஆமாம்’ என்று அகராதி சொல்லும். கூட்டத்தில் ‘ஹை, ஹை’ என்று தலையாட்டும் ஜப்பானியர் பல நேரம், “நீங்கள் பேசுவது காதில் விழுகிறது” என்று மட்டும்தான் சொல்கிறார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு விமானம் ஏறிய வெளிநாட்டு வியாபாரிகள் ஏராளம்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால், ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் பக்கம் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். 1996-ல் ஹூண்டாய் இந்தப் பக்கம் கால் வைத்தது. 1998-ல் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. கார் கம்பெனி தனியாக வருவதில்லை. சீட், கதவு, விளக்கு, ரப்பர், பிளாஸ்டிக் என்று ஒவ்வொன்றுக்கும் உதிரிபாகம் செய்யும் கொரிய கம்பெனிகளும் பின்னாலேயே வந்தன. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-ல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி. பக்கத்துப் பக்கத்து காம்பவுண்டுகளில் ஒரு இடத்தில் கொரியர் முதலாளி, ஒரு இடத்தில் ஜப்பானியர், இன்னொரு இடத்தில் ஜெர்மானியர். உள்ளே மெஷினில் நிற்பவர் மட்டும் எல்லா இடத்திலும் செய்யாறிலிருந்தோ, உத்திரமேரூரிலிருந்தோ, வாலாஜாபாத்திலிருந்தோ வந்தவர்.

இந்த இரண்டு பக்கத்துக்கும் நடுவில் நின்று பிழைப்பு நடத்தும் ஒரு வேலை இருக்கிறது, மொழிபெயர்ப்பாளர். கொரிய சீரியல் பார்த்து ஆசைப்பட்டு, சென்னையில் வகுப்புக்குப் போய் கொரிய மொழி படித்து, அப்படி ஒரு வேலைக்குப் போனவர்தான் இந்தக் கட்டுரையில் வரும் பெண். வயது இருபத்தேழு. கார்களின் உட்புற பிளாஸ்டிக் பாகங்கள் செய்யும் ஒரு கொரிய கம்பெனி. அவருடைய பெயரும் கம்பெனியின் பெயரும் இங்கே வேண்டாம்.

மொழி அவருக்குப் பெரிய தொல்லை தரவில்லை. கொரிய மொழியிலும் தமிழைப் போலவே வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில்தான் வரும். அப்பாவை அவர்களும் ‘அப்பா’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். நீ, நீங்கள் மாதிரி ஆளுக்குத் தகுந்தபடி மரியாதை கூடிக் குறைகிற பேச்சு அங்கேயும் உண்டு. சொல்லப்போனால் தமிழைவிட அதிகம். பதவிப் பெயருக்குப் பின்னால் ‘நிம்’ என்று ஒட்டிக் கூப்பிடுவது இங்கே ‘சார்’ போடுவதுபோல. ‘சீக்கிரம் சீக்கிரம்’ என்பதற்கு அவர்கள் சொல்லும் ‘பல்லி பல்லி’ மட்டும் முதல் வாரத்தில் கொஞ்சம் குழப்பம் செய்தது. ஷிப்டில் இருந்த பையன் ஒருவன் நிஜமாகவே சுவரை அண்ணாந்து பார்த்தான்.

இவ்வளவு ஒற்றுமை இருக்கும்போது எங்கே முட்டிக்கொள்ளப் போகிறது என்றுதான் அந்தப் பெண் நினைத்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீட்டிங். அந்த வாரம் ஆர்டர் வழக்கத்தைவிட அதிகம். கொரிய மேலாளர், இன்ஜெக்‌ஷன் மெஷினின் மூத்த ஆபரேட்டரைப் பார்த்து, “வியாழக்கிழமை லோடு போய்விடுமா?” என்று கேட்டார். ஆபரேட்டருக்கு நாற்பத்திரண்டு வயது, அந்த கம்பெனியில் பதினோரு வருட அனுபவம். அவர் சொன்ன பதில் இது: “பண்ணிடலாம் சார். மோல்டை மட்டும் ஒரு தடவை கழட்டிப் பார்த்துட்டா நல்லாயிருக்கும்.”

அந்தப் பெண் அதை அப்படியே கொரிய மொழியில் சொன்னார். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேலாளர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்த மெஷினுக்குப் போய்விட்டார்.

அந்த ஆபரேட்டர் சொன்னதன் நிஜமான அர்த்தம் அந்த இடத்தில் இருந்த தமிழ்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். மோல்டு தேய்ந்துவிட்டது. இரண்டு பாதியும் சரியாக மூடவில்லை. உருகிய பிளாஸ்டிக் அந்த இடுக்கில் கசிந்து, பாகத்தின் ஓரமெல்லாம் பிசிறாக நிற்கும். பத்து பீஸ் என்றால் பிளேடால் சீவி எடுத்துவிடலாம். ஆயிரக்கணக்கில் வந்தால் சீவ ஆள் ஏது? மெஷினை நிறுத்தி மோல்டை இறக்காமல் வியாழக்கிழமை நல்ல லோடு போகாது. இவ்வளவையும் அவர் “நல்லாயிருக்கும்” என்ற ஒற்றைச் சொல்லுக்குள் வைத்துவிட்டார்.

ஏன் நேராகச் சொல்லவில்லை? கொரியரிடம் பயமா என்றால், அது பாதிதான். மேலாளருக்குப் பக்கத்தில் நின்றவர் புரொடக்‌ஷன் தலைவர், அவரும் தமிழர். “நோ ப்ராப்ளம்” என்று முந்தின நாள் மாலையே அவர் மேலாளரிடம் சொல்லியாகிவிட்டது. அவர் சொன்னதற்கு எதிராக, அவர் நிற்கும்போதே, அவருக்கும் மேலே இருப்பவரிடம் பேசுவதா? வெளிநாட்டு கம்பெனிகளில் நடப்பதைப் பற்றிப் பேசும்போது பலரும் விட்டுவிடுவது இந்த நடு ஆளைத்தான். வெள்ளைக்காரர், கொரியர், ஜப்பானியர் என்று எல்லாம் பேசுவோம். உண்மை மேலே போகாமல் மறித்து நிற்பது பல இடங்களில் உள்ளூர் மேலதிகாரியாக இருக்கும்.

வியாழக்கிழமை லோடு போனது. சனிக்கிழமை திரும்பி வந்தது. கார் கம்பெனிகள் உதிரிபாகத்தை அடுக்கி வைப்பதில்லை. அன்றன்றைக்குத் தேவையானது அந்தந்த நேரத்துக்கு வர வேண்டும். வந்தது சரியில்லை என்றால் அங்கே லைன் நிற்கும். நின்ற நேரத்துக்கான பணத்தை உதிரிபாகம் கொடுத்தவரிடம் பிடிப்பார்கள். கொரிய மேலாளருக்கு சியோலிலிருந்து போன் வந்திருக்க வேண்டும். அவர் நேராக மெஷினுக்கு வந்தார். எல்லோரும் பார்க்க, அந்த ஆபரேட்டரை நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் கத்தினார். சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் அந்த ஆபரேட்டரிடம் வேலை கற்றுக்கொண்ட பையன்கள். நடுவில் நின்ற மொழிபெயர்ப்பாளர், வசவுகளை விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சொன்னார். அதனால் ஒன்றும் மிச்சமாகவில்லை. திட்டுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படுவதில்லை.

அன்று இரவே மேலாளர் டீமுக்கு ஓட்டலில் விருந்து ஏற்பாடு செய்தார். ‘ஹ்வேசிக்’ என்று கொரியாவில் இதற்குப் பெயர். வேலை முடிந்ததும் மேலதிகாரியும் கீழே இருப்பவர்களும் ஒன்றாகச் சாப்பிட்டு, குடித்து, பகலில் நடந்ததைக் கரைத்துவிடுவார்கள். வயதில் சிறியவர் இரண்டு கையாலும் ஊற்றிக் கொடுப்பார். பெரியவர் தோளில் தட்டுவார். மறுநாள் பழையபடி வேலை. மேலாளர் தன் பக்கத்து நாற்காலியை அந்த ஆபரேட்டருக்காகக் காலியாக வைத்திருந்தார்.

அவர் வரவில்லை. அடுத்த இரண்டு நாளும் வேலைக்கு வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு பையனிடம் அடையாள அட்டையைக் கொடுத்தனுப்பிவிட்டார்.

மேலாளருக்கு உண்மையிலேயே புரியவில்லை. “நேற்றைய கோபம் நேற்றோடு போனது. அவரை என் ஆள் என்று நினைத்ததால்தான் திட்டினேன். வேண்டாதவரை யாராவது திட்டுவார்களா?” என்று அந்தப் பெண்ணிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அவர் வளர்ந்த ஊரில், ராணுவத்திலும் கம்பெனியிலும் அவர் வாங்கிய திட்டுகள் எல்லாம் அப்படித்தான் இருந்திருக்கின்றன.

அந்தப் பெண் ஆபரேட்டர் வீட்டுக்கே போனார். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். வீட்டுக் கடன் இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. “ரூமுக்குக் கூப்பிட்டு நாலு வார்த்தை திட்டியிருந்தா வாங்கிட்டு வந்திருப்பேன்ம்மா. என்கிட்ட வேலை கத்துக்கிட்ட பசங்க முன்னாடி அப்படிப் பேசிட்டு, ராத்திரி சோறு போட்டா சரியாப் போயிடுமா?” என்றார் அவர்.

“அண்ணா, மோல்டு போச்சுன்னு நேராவே சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னேனே!”

இதில் யார் பக்கம் நியாயம் என்று ஒரு பட்டிமன்றமே வைக்கலாம். இரண்டு பேரும் அவரவர் ஊர் வழக்கப்படி சரியாகத்தான் நடந்துகொண்டார்கள். ஆனால், நஷ்டக் கணக்கு ஒருவர் பெயரில் மட்டும் எழுதப்பட்டது. நாற்பத்திரண்டு வயதில் புது கம்பெனி கேட்டில் பயோடேட்டாவோடு நிற்பது எப்படிப்பட்டது என்பது அந்தப் பக்கம் வேலை தேடியவர்களுக்குத் தெரியும்.

இந்த மாதிரி உரசல்களை அளந்து பார்க்க முடியுமா என்று முயன்றவர்களில் பெரிய பெயர், நெதர்லாந்துக்காரரான ஹேர்ட் ஹோஃப்ஸ்டெட். ஐபிஎம் கம்பெனிக்கு உலகம் முழுக்க இருந்த ஊழியர்களிடம் 1967 முதல் 1973 வரை எடுத்த கருத்துக்கணிப்பை வைத்துக்கொண்டு, 1980-ல் ஒரு தடிமனான புத்தகம் எழுதினார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள இடைவெளியை மக்கள் எந்த அளவுக்கு இயல்பாக ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதற்கு அவர் ஒரு மதிப்பெண் வைத்தார். இந்தியா 77, தென் கொரியா 60, ஜப்பான் 54, அமெரிக்கா 40, ஜெர்மனி 35. இன்றைக்கும் பன்னாட்டு கம்பெனிகளின் பயிற்சி வகுப்புகளில் இந்த எண்களைத் திரையில் காட்டுகிறார்கள்.

எண்கள் பொதுவாகச் சரியாகத்தான் தோன்றும். ஒரே ஒரு கம்பெனியின் ஊழியர்களிடம் எடுத்தது என்பதையும், ஒரு நாட்டின் சராசரி எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி ஒன்றும் சொல்லாது என்பதையும் மறந்துவிட்டால்தான் சிக்கல். அப்புறம் அது ராசிபலன் படிப்பதுபோல் ஆகிவிடும். கொரியர் என்றால் கோபக்காரர், ஜெர்மானியர் என்றால் கறார், தமிழர் என்றால் தலையாட்டுவார். மேலே சொன்ன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கொரியாவும் இந்தியாவும் இந்தப் பட்டியலில் ஒரே பக்கம். இரண்டு ஊரிலும் பெரியவருக்கு அடங்கிப் போவதுதான் பழக்கம். அதனாலேயே ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டுவிட்டார்களா என்ன?

பெரியவர் முன்னால் வாய் திறக்காமல் இருப்பதன் விலை என்ன என்பதைக் கொரியர்களே மிகக் கொடூரமாக அனுபவித்திருக்கிறார்கள். 1999 டிசம்பர் 22. லண்டனை அடுத்த ஸ்டான்ஸ்டெட் விமான நிலையத்திலிருந்து மிலானுக்குக் கொரியன் ஏர் சரக்கு விமானம் ஒன்று இரவில் கிளம்பியது. விமானம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டும் கேப்டனின் கருவி பழுதாகியிருந்தது. துணை விமானியின் கருவி சரியாகக் காட்டிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று எச்சரிக்கை மணி திரும்பத் திரும்ப அடித்தது. பின்னால் இருந்த இன்ஜினீயர், சாய்கிறது, சாய்கிறது என்று சொல்லிப் பார்த்தார். துணை விமானி கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. கேப்டன் அவரைவிட வயதிலும் அனுபவத்திலும் மிக மூத்தவர், விமானப்படையிலிருந்து வந்தவர். கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விமானம் தரையில் மோதி, உள்ளே இருந்த நான்கு பேரும் இறந்தார்கள்.

பழுதான கருவியைச் சரியாகச் சீர்செய்யாததும் இதில் ஒரு காரணம். எல்லாப் பழியையும் கலாசாரத்தின் தலையில் போடுவது தவறு என்று வாதாடும் கொரியர்களும் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனால், அடுத்து நடந்ததுதான் கவனிக்க வேண்டியது. 2000-ல் டெல்டா ஏர்லைன்ஸிலிருந்து டேவிட் கிரீன்பெர்க் என்ற அமெரிக்கரைக் கொரியன் ஏர் அழைத்து வந்தது. விமானிகளின் ஆங்கிலத்துக்குத் தேர்வு வைக்கப்பட்டது. பயிற்சி முறை மாற்றப்பட்டது. வயதும் பழைய ராணுவப் பதவியும் பார்த்துப் பதவி உயர்வு தரும் வழக்கம் குறைக்கப்பட்டது. அதன்பிறகு அந்த நிறுவனத்தின் விமானம் எதிலும் விபத்து உயிரிழப்பு ஏற்படவில்லை. விமானம் ஓட்டியவர்களில் பெரும்பாலோர் அதே கொரியர்கள்தான்.

அப்படியானால், ஒரு ஊரில் சரியாக நடக்கும் முறையைக் கொண்டுபோய் இன்னொரு ஊரில் இறக்கினால் போதுமா? வால்மார்ட் அப்படித்தான் நினைத்தது. 1997-ல் ஜெர்மனிக்குள் நுழைந்த அந்த அமெரிக்கக் கடை, வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்றது, காலையில் ஊழியர்கள் ஒன்றாக நின்று கோஷம் போட வேண்டும் என்றது, வாங்கிய பொருளைப் பையில் போட்டுக் கொடுக்க ஆள் வைத்தது. முன்பின் தெரியாதவர் எதற்குச் சிரிக்கிறார், என் பொருளை எதற்குத் தொடுகிறார் என்று ஜெர்மானியர்கள் முகம் சுளித்தார்கள். ஊழியர்களின் காதல் விவகாரத்தில்கூடத் தலையிட்ட நடத்தை விதிகளை 2005-ல் வூப்பர்டால் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மறு வருடம் 85 கடைகளையும் மெட்ரோ நிறுவனத்திடம் விற்றுவிட்டு வால்மார்ட் ஊர் போய்ச் சேர்ந்தது. மலிவு விலைப் போட்டியில் உள்ளூர்க் கடைகளிடம் தோற்றதும் காரணம்தான். என்றாலும், சிரிப்பை உத்தரவு போட்டு வரவழைக்க முடியாது என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் கொஞ்சம் மிச்சமாகியிருக்கும்.

இதற்கு நேர் எதிரான கதை கலிஃபோர்னியாவில் இருக்கிறது.

ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸுக்கு ஒரு கார் தொழிற்சாலை இருந்தது. அமெரிக்காவிலேயே மோசமான தொழிலாளர்கள் என்று பெயர் வாங்கிய இடம். ஒரு நாளைப்போல ஐந்தில் ஒருவர் வேலைக்கு வர மாட்டார்கள். வேலை நேரத்தில் குடி, சூதாட்டம். கோபம் வந்தால் கார் கதவுக்குள் காலி பாட்டிலைப் போட்டு மூடிவிடுவார்கள். வாங்கியவர் கதவைத் திறக்கும்போதெல்லாம் கடகடவென்று சத்தம் வரும், எங்கிருந்து என்று கடைசிவரை தெரியாது. 1982-ல் அந்தத் தொழிற்சாலையை மூடினார்கள்.

இரண்டே வருடத்தில் அது மறுபடி திறந்தது, டொயோட்டாவோடு கூட்டு சேர்ந்து, நம்மி என்ற பெயரில். பழைய யூனியன், பழைய தொழிலாளர்களில் பெரும்பாலோர். மாறியது நிர்வாகம். தொழிலாளர்களில் பலரைக் குழுக்குழுவாக ஜப்பானுக்கு அனுப்பி, டொயோட்டா தொழிற்சாலையில் நிறுத்தி வேலை பார்க்க வைத்தார்கள். அங்கே அவர்களை உலுக்கியது ஒரு கயிறு.

லைனுக்கு மேலே தலைக்கெட்டும் உயரத்தில் ஓடும் கயிறு. வேலையில் ஏதாவது சரியில்லை என்று தோன்றினால், அதை எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். விளக்கு எரியும், பாட்டு ஒலிக்கும், டீம் லீடர் ஓடிவருவார். அந்த வண்டி அடுத்த இடத்துக்கு நகர்வதற்குள் பிரச்னை தீர்ந்தால் சரி. தீராவிட்டால் லைனே நிற்கும். ஃப்ரீமான்ட்டில் அவர்கள் அதுவரை படித்திருந்த ஒரே பாடம் லைனை நிறுத்தக் கூடாது என்பது. ஆள் மயங்கி விழுந்தாலும் ஓட வேண்டும். குறையோடு வெளியே போகும் காரைப் பின்னால் ஒரு மைதானத்தில் நிறுத்தி, அப்புறம் பிரித்துச் சரிசெய்துகொள்வார்கள். இங்கேயோ கயிற்றை இழுத்தவரிடம் வந்த லீடர் கேட்டது, “உனக்கு என்ன உதவி வேண்டும்?”

1984 டிசம்பரில் நம்மியின் முதல் கார் வெளியே வந்தது. ஒரே வருடத்தில் ஜெனரல் மோட்டார்ஸின் தொழிற்சாலைகளிலேயே தரத்தில் முதல் இடம். வேலைக்கு வராதவர்கள் நூற்றுக்கு இருபதிலிருந்து இரண்டாகக் குறைந்தார்கள். அந்த மாற்றத்தில் இருந்தவரான ஜான் ஷூக், டொயோட்டாவின் ஜப்பான் தலைமையகத்தில் மேலாளரான முதல் அமெரிக்கர். முதலில் மனதை மாற்று, நடத்தை தானாக மாறும் என்று பொதுவாகச் சொல்வார்கள். தான் அங்கே கண்டது நேர்மாறு என்று 2010-ல் அவர் எழுதினார். செய்யும் முறையை மாற்றினார்கள், மனம் பின்னாலேயே வந்தது.

கயிற்றின் பெருமையைச் சொல்பவர்கள் இன்னொன்றைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். வேலையை விட்டு அனுப்ப மாட்டோம் என்று யூனியனுக்கு நம்மி வாக்குக் கொடுத்திருந்தது. 1988 வாக்கில் விற்பனை படுத்தபோது உற்பத்தி வெகுவாகக் குறைந்தது. அப்போதும் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. வேலை இல்லாத நேரத்தில் பயிற்சி வகுப்பில் உட்கார வைத்தார்கள். கயிற்றை இழுத்தால் வேலை போகாது என்று அதற்கப்புறம் யாருக்கும் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இந்தப் பாதியை விட்டுவிட்டுக் கயிற்றை மட்டும் எடுத்துப் போன இடத்தில் என்ன ஆனது? அதே கலிஃபோர்னியாவில், வான் நைஸ் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸின் இன்னொரு தொழிற்சாலை இருந்தது. நம்மி மாதிரி ஆக்குகிறோம் என்று அங்கேயும் ஆரம்பித்தார்கள். மேலாளர்கள் லைனை நிறுத்த விடவில்லை. யூனியனுக்கு நம்பிக்கை வரவில்லை. 1992-ல் அது மூடப்பட்டது. இரண்டுமே அமெரிக்கத் தொழிலாளர்கள், இரண்டுமே ஒரே மாநிலம். கலாசாரம்தான் எல்லாம் என்று சொல்பவர்கள் இந்த இரண்டு ஊரையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நம்மியும் 2010-ல் மூடப்பட்டது. அந்தக் கட்டடத்தில் இப்போது டெஸ்லா கார் செய்கிறார்கள்.

அந்த மொழிபெயர்ப்பாளருக்கு நம்மி கதை தெரியாது. ஆனால், மோல்டு சம்பவத்துக்குப் பிறகு அவர் கண்டுபிடித்ததும் கிட்டத்தட்ட அந்தக் கயிறுதான். மேலாளரிடம் ஒரு நாள், “முடியுமா என்று கேட்காதீர்கள். இங்கே அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு” என்றார். வேறு எப்படிக் கேட்பது? “இன்றைக்கு எது நிற்கும் என்று கேளுங்கள்.”

காலை மீட்டிங்குக்கு முன்னால், ஒவ்வொரு மெஷினிலிருந்தும் ஒரு துண்டுச் சீட்டு. அன்றைக்கு எது கோளாறு செய்யும் என்று ஒரே ஒரு வரி, பெயர் போடாமல், தமிழில். அந்தப் பெண் அதைக் கொரிய மொழியில் போர்டில் எழுதி வைப்பார். மேலாளர் ஒப்புக்கொண்டார், இன்னொரு லோடு திரும்பி வந்தால் அவர் வேலைக்கே ஆபத்து. புரொடக்‌ஷன் தலைவருக்குத்தான் கடுப்பு. “மொட்டைக் கடுதாசி எழுதச் சொல்லிக் கொடுக்கிறீங்களா மேடம்?” என்று கேட்டார். முதல் வாரம் எல்லாச் சீட்டும் வெள்ளையாகவே வந்தன. இரண்டாவது வாரம் ஒரு சீட்டில், “கேன்டீன் சாம்பார் தண்ணி” என்று இருந்தது. அந்தப் பெண் அதையும் அப்படியே மொழிபெயர்த்து எழுதினார். மேலாளர் அன்று மதியம் தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தொழிலாளர்கள் வரிசையில் நின்று சாம்பார் சாப்பிட்டுப் பார்த்தார். அதற்கு அடுத்த நாளிலிருந்து மெஷின் பற்றிய சீட்டுகள் வர ஆரம்பித்தன.

மேலாளர் கத்துவதை விடவில்லை. மெஷின் பக்கத்தில் நின்று கத்துவதைக் குறைத்துக்கொண்டார், அவ்வளவுதான். கொரியாவிலேயே இதெல்லாம் மாறிக்கொண்டிருக்கிறது. 2017-ல் சாம்சங் எலெக்ட்ரானிக்ஸ் தன் பதவி அடுக்குகளை ஏழிலிருந்து நான்காகக் குறைத்து, பெயரோடு ‘நிம்’ சேர்த்து ஒருவரை ஒருவர் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னது. ஐம்பது வயதைத் தாண்டிய மேலாளர்களுக்கு அந்தச் செய்தி எவ்வளவு இனித்தது என்பது வேறு விஷயம்.

வேலையை விட்ட ஆபரேட்டர் நாலு மாதம் வீட்டில் இருந்தார். பிறகு, பக்கத்திலேயே ஒரு ஜப்பானிய உதிரிபாக கம்பெனியில் சேர்ந்தார், பழைய சம்பளத்தைவிடக் குறைவாக. அங்கே யாரும் கத்துவதில்லை. அதுவே அவருக்கு முதலில் பெரிய பீதியாக இருந்தது. தப்பு நடந்தால் ஒரு பேப்பரைக் கொடுத்து ‘ஏன்’ என்று எழுதச் சொல்வார்கள். அதற்குப் பதில் எழுதினால் அதற்கு ஏன், அதற்கும் ஏன், இப்படி ஐந்து தடவை. “திட்டிட்டுப் போனாக்கூட நிம்மதியா இருந்திருக்கும்மா. இவங்க மூணாவது ஏன்லயே நம்ம ஜாதகத்தையே எடுத்துடறாங்க” என்று போனில் அந்தப் பெண்ணிடம் சிரித்தார். அங்கேயும் கயிறு உண்டு. அதோடு சேர்ந்து எரியும் விளக்குப் பலகைக்கு ஜப்பானிய மொழியில் இருக்கும் பெயர், அவர் வாயில் ‘ஆண்டான்’ என்று ஆகிவிட்டது. ஆண்டான் இழுத்தாச்சா, ஆண்டான் எரியுதா என்று ஷிப்டில் பேசிக்கொள்வார்களாம்.

சேர்ந்து ஐந்து மாதம்வரை அவர் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. பக்கத்தில் நிற்கும் இருபது வயதுப் பெண் பிள்ளைகள் எல்லாம் சர்வசாதாரணமாக இழுக்கும்போதும், இவர் தன் இடத்தில் வந்த சின்னச் சின்னக் குறைகளைத் தானே கையால் சரிசெய்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

போன மாதம் ஒரு நாள், வரிசையாக மூன்று பீஸில் ஒரே இடத்தில் கீறல் வந்தது. இழுத்தார். விளக்கு எரிந்தது. லீடர் வந்தார், அவரும் தமிழர், வயதில் சின்னவர். இரண்டு பேரும் சேர்ந்து பார்த்ததில் ஃபிக்சரில் ஒரு போல்ட் லூஸ். நாலு நிமிடம் லைன் நின்றது. லீடர் நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, “தேங்க்ஸ்ண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்று ராத்திரி ஷிப்ட் முடிந்து பஸ் ஏறியதும் அவர் அந்தப் பெண்ணுக்கு போன் செய்தார். லைன் நின்றதைச் சொன்னார், போல்ட்டைச் சொன்னார், லீடர் சொன்ன தேங்க்ஸைச் சொன்னார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்:

“ஏம்மா, அந்த நாலு நிமிஷத்துக்கு இந்த மாசம் இன்சென்டிவ்ல பிடிப்பாங்களா?”

“தெரியலையேண்ணா. அதை லீடர்கிட்டயே கேட்டுடுங்களேன்.”

“கேக்கலாம்தான்” என்றார் அவர்.